அட்டையில் வரைந்த கீபோர்டு

என் மனைவி காலேஜில் சேராமல் போனதற்கு நான்தான் காரணம். யாராவது கேட்டால் அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது, நெட் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்.

அவள் எனக்கு அத்தை மகள், முறைக்கு என்னைப் பாவா என்பாள். திருவாலங்காடு பக்கம். பிளஸ் டூவில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். மார்க் வந்த இரண்டாவது மாதம் எனக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். நான் எட்டாவது ஃபெயில். திருத்தணி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இவனைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு வருஷம் போனது. இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், தாலுகா ஆபீஸ் எதிரில் இருந்த நெட் சென்டரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தாள். வடக்கே எங்கேயோ இருக்கிற காலேஜ். பாடமெல்லாம் கம்ப்யூட்டரில் வரும், பரீட்சைக்கு மட்டும் சென்னை போனால் போதும்.

"பாவா, நான் பி.காம் படிக்கட்டுமா?"

"படிச்சி இன்னா பண்ணப்போற?"

"படிச்சவள்னு சொல்லிக்கினு செத்துப்போறேன். போதுமா?"

படி என்றேன்.

அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. நெட் சென்டர் பெண்ணிடம் கேட்டு, தாள் எல்லாம் கிழித்து முடித்த தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் கீபோர்டை அப்படியே வரைந்துகொண்டாள். சோறு பொங்கும்போது அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தட்டுவாள். முதலில் பார்த்துப் பார்த்து. அப்புறம் பார்க்காமல். சத்தமே வராத அந்த அட்டையில் அவள் என்ன எழுதினாளோ, அவளுக்குத்தான் தெரியும். என் பிள்ளைகள், "அம்மா, ஃபோன் நம்பர் அடி, அம்மா, என் பேர் அடி" என்று தொந்தரவு பண்ணுவார்கள். அடித்துக் காட்டுவாள். "தப்பு, தப்பு" என்று அவள் கையைத் தட்டிவிடுவார்கள்.

விண்ணப்பம் அனுப்பப் போனபோதுதான் சனியன் பிடித்தது. மார்க் ஷீட்டை ஏற்றினால் போட்டோ ஏறாது. போட்டோ ஏறினால் பக்கமே நின்றுவிடும். மூன்று நாள் இப்படியே. மூன்றாம் நாள் அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. கடை வாசலுக்கு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். முருகா, இது மட்டும் போய்ச் சேர்ந்து சீட்டும் கிடைத்துவிட்டால் இவள் முடியை உனக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே வந்தபோது நெட் சென்டர் பெண், "அண்ணே, போயிடுச்சிண்ணே" என்றாள்.

இருபது நாளில் இடம் கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. வருகிற புதன்கிழமை காலையில் வெப்கேமரா முன்னால் உட்கார வேண்டும், ஆளைச் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் வேண்டுதலைச் சொன்னேன்.

"ஏன் பாவா, உன் தலையில ஒண்ணும் இல்லன்னு என் தலைய வேண்டிக்கினியா?"

உண்மைதான். எனக்கு முன்பக்கம் வழுக்கை. அதைக் கொடுத்தால் சாமிக்கே மரியாதை இல்லை என்று நினைத்தேன். அவளுக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும்.

சிரித்துவிட்டு, "சரி, புதன்கிழம முடிச்சிட்டுப் போலாம்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த வாரம் என் ஆட்டோவுக்கு ஆக்சில் உடைந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல். சாமி கேட்கிறது என்று நான் முடிவு பண்ணினேன். செவ்வாய்க்கிழமை கிருத்திகை வேறு. "சாமி காரியத்த தள்ளிப்போட்டா வந்த சீட்டும் போயிடும்" என்று கத்தினேன். அவள் என்கூட மலைக்கு வந்தாள். முடி மடியில் விழுந்தபோது இரண்டு கையாலும் அதை ஒதுக்கி ஒதுக்கி ஒரே இடத்தில் சேர்த்தாள்.

மறுநாள் தலையில் சந்தனத்தோடு கேமரா முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு ஆள். பேர், பிறந்த தேதி, அப்பா பேர் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் டக்கு டக்கென்று பதில் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அப்புறம் அந்த ஆள் கீழே பார்த்தான், மேலே பார்த்தான். போட்டோவில் இருக்கிறவள் வேறு, நீ வேறு என்கிறான் என்பது எனக்கே புரிந்தது. அவள் சாமி என்றாள், முடி என்றாள், கையால் தலையைத் தடவிக் காட்டினாள். வேண்டுதல் என்பதற்கு அவளுக்கு இங்கிலீஷில் வார்த்தை வரவில்லை. அவன் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தான்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அம்மாவையும் விடவில்லை. தமிழ் அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் திட்டுதான். வயரைப் பிடித்து இழுத்தேன். திரை கறுத்துவிட்டது.

பக்கத்து மேஜையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நெட் சென்டர் பெண் எழுந்து வந்தாள். "அண்ணே, மொட்ட போட்டோ ஒண்ணு எடுத்து, ஆபீசர் கையெழுத்து வாங்கி ரெண்டு நாள்ல அனுப்பச் சொன்னாருண்ணே. அவ்ளோதாண்ணே சொன்னாரு."

தாலுகா ஆபீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே நான் சரக்கு இறக்காத ரூம் கிடையாது.

அன்றைக்கே கையெழுத்து வாங்கினேன், போட்டோ எடுத்தேன், எல்லாம் அனுப்பினோம். சாயங்காலமே பதில் வந்தது. இப்படி நடந்துகொண்டவர்களைச் சேர்க்க முடியாதாம். அவள் மன்னிப்புக் கேட்டு மூன்று மெயில் போட்டாள். நான் பேசிய அசிங்கத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவன் சிரித்தது இவளைப் பார்த்தா, இல்லை யாரோ டீ கொண்டுவந்து வைத்ததற்கா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருஷம், "மறுபடியும் போடலாமா?" என்று கேட்டேன். "பசங்க படிக்கட்டும் பாவா" என்றாள். அதற்குள் முடி கழுத்து வரைக்கும் வந்திருந்தது.

அட்டையை என்ன பண்ணினாள் என்று தெரியவில்லை. ஆனால் டிவி பார்க்கும்போது சில நாள் அவள் விரல்கள் தொடை மேல் அசையும். பத்து விரலும் அசையும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையை மடக்கிக்கொள்வாள். அதனால் நான் பார்ப்பதில்லை.