அப்பா எனக்கு எழுதி வைத்த வீடு

லண்டனில் நான் குடியிருந்த வீட்டுக்காரி மிஸஸ் ஹார்ட்லி, ஒருநாள் காலையில் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டே, "நான் போன பிறகு இந்தத் தையல் மிஷின் உனக்கு" என்றாள். ஊருக்குப் போகிறாளாக்கும் என்று நினைத்து, "எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. அவள் பேசியது தன் சாவைப் பற்றி. இங்கே உயிரோடு நன்றாக இருக்கும்போதே உயில் எழுதி, யாருக்கு எது என்று அவரவரிடமே சொல்லியும் விடுகிறார்கள். நம் தூத்துக்குடியில் விடிந்ததும் விடியாததுமாக இப்படிப் பேசினால் வாயை மூடு என்பார்கள். என் அப்பாவும் யாரிடமும் சொல்லாமல்தான் எழுதி வைத்திருந்தார்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து, திரேஸ்புரத்தில் வலை நூலும் கயிறும் விற்று ஒரு வீடு கட்டியவர் அப்பா. நான் நர்ஸ் வேலைக்கு லண்டன் வந்த மறுவருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வருஷம் படுக்கை. எழுபதுகளின் நடுவில் அவர் இறந்து சில வாரங்களில் அவருடைய வக்கீலிடமிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. வீட்டை என் பெயருக்கு உயில் எழுதியிருக்கிறார் என்றது ஒன்று. அப்பாவுக்குச் சுயபுத்தி இல்லை, கையெழுத்தும் அவருடையதில்லை, உயில் செல்லாது என்று அண்ணன் வழக்குப் போட்டிருப்பதாகச் சொன்னது மற்றொன்று. வீட்டை நான் கேட்டதே இல்லை. ஆனால் அப்பாவுக்குப் புத்தி இல்லையென்று அண்ணன் எழுதலாமா? அந்தக் கோபத்தில் லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

"உயிலுக்குச் சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்துட்டாரும்மா. இன்னொருத்தர் வந்து சொல்லிட்டா கேஸ் நம்ம பக்கம்தான்" என்றார் வக்கீல். அந்த இன்னொருத்தர் மிக்கேல். அப்பாவிடம் நூல் வாங்கும் படகுக்காரர். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நல்ல நெனவோடதான் கையெழுத்துப் போட்டாரு யம்மா. வலது கை வெளங்கல, அதான் எடது கையால போட்டாரு. மாதா மேல ஆணையா கோர்ட்டுல வந்து சொல்லுதேன்."

"அண்ணனுக்கு ஏன் எழுதல? அவன் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. 'இங்கன வீடுன்னு ஒண்ணு இருந்தா எம் மவ திரும்பி வந்துருவா, மிக்கேலு'ன்னாரு. நீங்க எப்பம்மா வாரீக?"

அப்பா இறப்பதற்கு முன்பே லண்டனில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை அவருக்கு மட்டும் எழுதவில்லை.

வீட்டில் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதினிதான் சோறு போட்டாள். மூன்று வருஷம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டியவள் அவள். குனிந்து பரிமாறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் அப்படி வலி வந்தால் எங்களுக்கு லீவு உண்டு. சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணன் காதில் விழும்படி சொன்னேன்: "கேஸை வாபஸ் வாங்கு. வீட்டை மதினி பேருக்கு எழுதிக் குடுத்துடுதேன்."

"ஏளா, என்னய நம்பலையா நீ?" வந்த பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அப்பாவுக்குப் புத்தியில்லன்னு எழுதுனவன் பேருக்கு எழுத மாட்டேன்."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "என் வக்கீல் அப்படித்தான் எழுதணும்னாரு. அது தப்புத்தான்" என்றான். மதினி கேட்டது வேறு. "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, ஊருக்கு வந்தா நீ எங்க இருப்ப?" மாடி அறை என் ஆயுசு மட்டும் என் அனுபவத்தில் இருக்க வேண்டும் என்று வக்கீலிடம் சொல்லிப் பத்திரத்தில் சேர்க்கவைத்தவளும் அவள்தான்.

பதிவு அலுவலகத்துக்கு அண்ணனும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பத்திரம் எழுதுபவர் என் தற்போதைய விலாசம் கேட்டபோது லண்டனைச் சொன்னேன். நிரந்தர விலாசம் எது என்றார். நான் யோசிப்பதற்குள் மதினி திரேஸ்புரம் வீட்டு நம்பரைச் சொல்லிவிட்டாள்.

தற்போதைய விலாசத்தில் எனக்குப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. நிரந்தர விலாசத்தில், வெள்ளிக்கிழமைதோறும் மதினி மாடியேறி, கடல் காற்றில் சேர்ந்த மணலைப் பெருக்கிவிட்டு, ஆளில்லாத அறையைப் பூட்டிவிட்டு இறங்குகிறாள்.