பெரியப்பா விட்டுப்போன மிக்ஸி

மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்த பிறகும் மிக்ஸி மெக்கானிக்கின் வாய் மட்டும் அடங்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கடை நடத்தினான். அவன் மனைவி உண்டாகியிருப்பது காதில் விழுந்ததும், பெரியப்பா ஓடாத மிக்ஸியைச் சாக்காக வைத்து வந்துவிட்டார்.

“காலே அசையாது. இது மட்டும் எப்படிடா?”

கடையில் நின்ற எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“உக்காருங்க பெரியப்பா, விளக்கமாவே சொல்றேன். அதிர்ற மெஷின் ஒண்ணு இருக்கு. டாக்டர் அதை வெச்சுத்தான் விந்து எடுத்தாரு. நம்ம மிக்ஸி மாதிரியே ஸ்பீடெல்லாம் உண்டு…”

“ஐயோ, போதும்டா!”

“பாதிதான் ஆச்சு. லேப்ல நடந்ததையும் கேளுங்க.”

பெரியப்பா மிக்ஸியைக்கூட மறந்து ஓட்டம் பிடித்தார்.

சாயங்காலம் அவரே ஃபோன் செய்தார்.

“மிக்ஸி ரெடி, பெரியப்பா.”

“அது கிடக்கட்டும். அந்த மிச்சப் பாதியைச் சொல்லு. நம்ம மூத்தவன் வீட்ல இன்னும் விசேஷமே இல்லடா.”