ஜாபர் பாய் நம்பிய மின்னஞ்சல்

போன வாரம் கடலூர் பேருந்து நிலையத்தில் யாரோ அத்தர் மணக்க என்னைத் தாண்டிப் போனார். உடனே எனக்கு ரஷ்யா ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் சிதம்பரம் கீழவீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஏசி என்ற பெயரில் ஓர் இரைச்சல், காலேஜ் பசங்களின் வியர்வை. ஜாபர் பாய் நுழைந்தால் மட்டும் அத்தர் வாசம். பரங்கிப்பேட்டையில் ஃபேன்சி கடை வைத்திருந்தார். மகள் ஷமீமா ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தாள். அனுப்பிவைத்த ஏஜென்ட் எதைக் கேட்டாலும் "சூப்பரா இருக்கு பாய்" என்பான். போனில் மகளும் அதையே சொல்வாள்.

"ரெண்டு பேரும் ஒரே மாரி சொல்றாங்க தம்பி. அதான் இடிக்குது" என்பார் பாய்.

ரஷ்யச் செய்திகளைத் திரட்டித் தினமும் அனுப்பும் ஓர் ஆங்கில மின்னஞ்சலுக்கு அவர் பெயரைப் பதிந்து கொடுத்தேன். படம் கிடையாது, கலர் கிடையாது, வெறும் எழுத்து. நான்தான் தமிழில் சொல்வேன். (என் இங்கிலீஷைப் பற்றி என் பிளஸ் டூ வாத்தியாருக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.) ஒரே சம்பவத்தை அரசாங்கப் பத்திரிகை சொன்னதும் எதிர்த்தரப்பு சொன்னதும் அதில் அடுத்தடுத்து இருக்கும். பாய்க்குப் பிடித்ததே அதுதான். "தன் கருத்த திணிக்கல பாரு. ரெண்டு பேரையும் அடிச்சுக்க வுட்டுட்டு நவுந்துக்கிறான்."

அப்படியும் என்னை நம்பவில்லை. பிரிண்ட் எடுத்துப்போய் ஒரு வக்கீலிடம் காட்டி, நான் சொன்னது சரிதானா என்று பார்த்துக்கொள்வார். எனக்கு ரோஷம் வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஒருநாள் ஷமீமா படித்த ஊரின் பெயரே வந்தது. வெளிநாட்டு மாணவர்களை யாரோ அடித்திருக்கிறார்கள். குடிகாரச் சண்டை என்றது ஒரு பத்திரிகை. இல்லை, ஆள் பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று தெருப் பெயரோடு எழுதியது இன்னொன்று. பாய் உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டார்.

"எல்லாம் கட்டுக்கதை பாய்."

அடுத்து எங்கள் சென்டரின் நெட் போனில் மகளைப் பிடித்தார். அந்தத் தெருவின் பெயரை, வாயில் நுழையாத பெயர், என்னைக் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

மறுமுனையில் அழுகை. "வாப்பா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷமீமாவின் அறையில் கூட இருந்த பெண்ணுக்கு மண்டை உடைந்திருந்தது. இருட்டினால் யாரும் வெளியே போவதில்லையாம். சொன்னால் பாய் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார் என்று மறைத்திருக்கிறாள்.

பாய் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். குரல் நடுங்கவில்லை. "படிப்ப நிறுத்த மாட்டேம்மா. ஆனா இனிமே ஒண்ணு மறைச்சாலும் ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்."

அதன்பிறகு அவள் மறைக்கவில்லை. அவர் மட்டும் அவள் சொன்னதையும் மின்னஞ்சலில் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை விடவே இல்லை.

ஷமீமா டாக்டராகித் திரும்பினாள். சென்டர் இருந்த இடத்தில் இன்று செல்போன் கவர் விற்கிறார்கள். அந்த மின்னஞ்சல் எப்போது நின்றதென்று எனக்கே தெரியாது. பாய் மௌத்தானபோது அடக்கத்துக்குப் பரங்கிப்பேட்டைக்குப் போயிருந்தேன். ஷமீமா வாசல் வரை வந்தாள்.

"இனிமே நான் என்ன சொன்னாலும் எல்லாரும் அப்படியே நம்பிடுவாங்கண்ணே" என்றாள்.