புளியமரம் தாண்டுற சைக்கிள்

சைக்கிள் கடை சேல்ஸ்மேன்னா, நாள் பூரா சைக்கிளுக்கு நடுவுல நின்னுக்கினு ஒண்ணுலயும் ஒக்காராம இருக்கிறவன்னு அர்த்தம். இந்தப் பொழப்புல சிக்கினவங்க யாராவது இதைப் படிச்சா என் பாடு புரியும். வர்ற ஆளு டயரை ஒதைப்பாரு, சீட்டைக் குத்துவாரு, பெல்லை நிறுத்தாம அடிப்பாரு. கடைசியில "வூட்ல கேட்டுக்கினு வரேன்"னு போயிடுவாரு.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நான் இப்படி நின்னது, வேலையிலயும் படிப்புலயும் ஒதுக்கீடு கேட்டு ஜனங்க ரோட்டுக்கு வந்த வருஷங்கள்ல. என்னிக்கு பஸ் ஓடும், என்னிக்கு ஓடாதுன்னு யாருக்கும் தெரியாது. தெருவுல நாலு பேரு வேகமா நடந்தாலே மொதலாளி "ஷட்டரை எறக்குடா"ன்னு கத்துவாரு. எறக்கி முடிக்கல, "வியாபாரம் பாக்க வேணாமா, தூக்குடா"ம்பாரு. மனுஷன் ஒரு நிலையில நிக்க முடியாது.

கனம்

அப்பல்லாம் எங்க பக்கத்துல சைக்கிள்னா கனமா இருக்கணும். வடக்கனந்தல்ல இருந்து ஒருத்தரு புது மருமகனுக்கு சைக்கிள் வாங்க வந்தாரு. மாப்பிள்ளை டவுன்ல உத்தியோகமாம். நான் கடைக்குப் புதுசு, புத்திசாலித்தனம் ஜாஸ்தி. மெல்லிசு பைப்பு, கேபிள் பிரேக் போட்ட லைட் மாடலை ஒத்தக் கையால தூக்கிக் காட்டினேன். அவரும் தூக்கிப் பார்த்தாரு. மூஞ்சி சுண்டிப் போச்சு. நேரா போயி பால்காரங்க வாங்குற பெரிய சைக்கிளைப் புடிச்சித் தூக்கினாரு, அது அசையல. அப்பத்தான் மனுஷன் சிரிச்சாரு.

"ஆபீசுக்குத்தான போறாரு, நெல்லு மூட்டையா ஏத்தப் போறாரு? லேசா இருந்தா மிதிக்க சுலபம்ங்க"ன்னு சொல்லிப் பார்த்தேன். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னாரு: "பொண்ணு குடுத்த எடத்துல, மாமனாரு வாங்கிக் குடுத்தது காத்துல பறக்குதுன்னு நான் பேச்சு வாங்கணுமா? கனத்தைப் போடுய்யா!"

ராத்திரியில ஏறின கனம்

அப்புறம் மறியல் வந்துச்சி. ரோட்டோரப் புளியமரத்தை எல்லாம் வெட்டிக் குறுக்கால சாச்சிட்டாங்க. பஸ் நின்னுபோச்சு. ஜென்மத்துல சைக்கிள் ஏறாதவங்கல்லாம் கடைக்கு ஓடி வந்தாங்க. மரம் வந்தா எறங்கித் தூக்கிக்கினு தாண்டணும், மறுபடி ஏறி மிதிக்கணும், கொஞ்ச தூரத்துல அடுத்த மரம். அதனால வர்றவங்க எல்லாரும் ஒரே பாட்டு: "லேசா எதுனா இருக்குதா?"

ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளை ஒருத்தரு லைட் மாடலை வாங்கினாரு. எங்க ஊரு வழக்கம் உங்களுக்கே தெரியும், புது சைக்கிளை மொட்டையா வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது. இரும்பு கேரியர், ரெட்டைக்கால் ஸ்டாண்டு, முழு செயின் கவர், டைனமோ, முன்னாடி கூடைன்னு ஒண்ணு வுடாம மாட்டச் சொன்னாரு. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிக் கெளம்பினாரு. மறுநாள் இடுப்பைப் புடிச்சிக்கினு வந்து நிக்கிறாரு. "நேத்து நீ தூக்கிக் காட்டும்போது லேசாத்தான இருந்துச்சு? ஒரே ராத்திரியில எப்பிடிய்யா இது கனம் ஏறுச்சு?"

விரல்

கருணாபுரத்துல இருந்து மல்லிகான்னு ஒரு பொண்ணு வந்துச்சி. அவங்க வூட்ல எல்லாருக்கும் கூலி வேலை. ஆபீஸ் நாற்காலியில ஒக்காந்த மொத ஆளு இதுதான். தமிழும் இங்கிலீஷும் டைப்பிங் ஹையர் முடிச்சிட்டு, கச்சிராயபாளையம் பக்கம் மலையடிவாரத்துல ஒரு ஆபீஸ்ல டெம்பரவரி டைப்பிஸ்ட். போன மறியல்ல பஸ் இல்லாம போக முடியல. "இன்னொரு நாள் இப்பிடி நின்னீன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்"னு ஆபீசர் சொல்லிட்டாராம். வர்ற திங்கக்கெழமை மறுபடி மறியல்னு ஊரு பூரா செவுத்துல எழுதி வச்சிருக்கு. இதுக்கோ சைக்கிளே ஓட்டத் தெரியாது.

இந்தப் பொண்ணு டயரை ஒதைக்கல, பெல்லைத் தொடல. ஒவ்வொரு சைக்கிளா தூக்கிப் பார்த்துக்கினே வந்துச்சி. பார் வச்சதுல புடவையோட ஏற முடியாது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்ல ஏறலாம், ஆனா தோள்ல மாட்டித் தூக்க எடம் இல்ல. சாஞ்ச பைப்புல ஒரு கை, சீட்டுக்கு அடியில ஒரு கைன்னு புடிச்சித் தூக்கிக் காட்டினேன். ரெண்டு தடவ தூக்கி எறக்கிட்டு, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சி. "எல்லாம் சரிண்ணா, கீழ வுழுந்தா வெரலுக்கு அடிபடாத சைக்கிள் எதுனா இருக்குதா?"

மீதிப் பாதி

லைட் மாடல் அந்தப் பொண்ணு கையில இருந்த காசுக்கு எட்டல. பழைய சைக்கிள் எட்டும், ஆனா அதைத் தூக்கி மரத்தைத் தாண்டுறதுக்குள்ள ஆபீஸ் மூடிடும். சரி வான்னு ஸ்பானரை எடுத்தேன். எல்லா சாமானும் மாட்டி நிறுத்தியிருந்த லேடீஸ் லைட் மாடல்ல கேரியரைக் கழட்டினேன். டைனமோ போச்சு, கூடை போச்சு. ரெட்டைக்கால் ஸ்டாண்டை எடுத்துட்டு ஒத்தக்கால் போட்டேன். முழு கவருக்குப் பதிலா பாதி கவரு. கழட்டக் கழட்ட கனமும் கம்மி, வெலையும் கம்மி. சீட்டை எறக்கி, ஒக்காந்தா காலு தரையில படுற மாதிரி வச்சேன். பிரேக்கைச் சின்னக் கைக்கு எட்டுற மாதிரி முறுக்கினேன். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது ரெண்டும் போதும்.

சைக்கிள் வித்தா கெடைக்கிற லாபம் கம்மி, மேல மாட்டுற சாமான்லதான் கடையே ஓடுதுன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். கல்லாவுல ஒக்காந்துகினு மொதலாளி என் ஸ்பானரையே மொறைச்சிப் பார்த்துக்கினு இருந்தாரு. அந்தப் பொண்ணு சைக்கிளைத் தள்ளிக்கினு படி எறங்கினதும் ஆரம்பிச்சாரு: "பாதி சைக்கிளை வித்துட்ட. மீதிப் பாதியை எவன் தலையிலடா கட்டுவ?"

பத்தும் இருக்குது

சாயங்காலத்துல பள்ளிக்கூட மைதானம். மல்லிகா ஓட்டுது, சீட்டைப் புடிச்சிக்கினு பின்னாடி நான் ஓடுறேன். வித்தவனே ஓட்டக் கத்துக் குடுக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு, சொல்லுங்க? மூச்சு வாங்குது, திங்கக்கெழமை நெருங்குது, இது நேரா போன்னா வேப்பமரத்துப் பக்கமே போவுது. திட்டணும்னு வாய் வரைக்கும் வரும். அந்த மூஞ்சியில இருக்கிற பயத்தைப் பார்த்தா அடங்கிடும்.

ஒரு தடவ கையை வுட்டுட்டேன். கொஞ்ச தூரம் போச்சு, சாஞ்சுது. வுழும்போது ரெண்டு கையையும் மேல தூக்கிடுச்சு! கையை ஊணாம வுழுற மனுஷியை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். தாவாக்கட்டை தேஞ்சி, முழங்கையில ரத்தம். ஐயையோன்னு நான் ஓடுனா, அது தரையில ஒக்காந்துகினு முழங்கால் மேல டைப் அடிச்சிப் பார்த்துக்கினு இருக்கு. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துச்சி. "பத்தும் இருக்குதுண்ணா. புடிங்க, இன்னொரு ரவுண்டு போலாம்."

திங்கக்கெழமை

அன்னிக்கு எனக்கு வியாபாரம் ஓடல. அரை ஷட்டருக்கு அடியில குனிஞ்சி குனிஞ்சி ரோட்டைப் பார்த்துக்கினே இருந்தேன். கத்துக் குடுத்தவன் நான், எங்கனா வுழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது? "ஒரு எடத்துல நில்லுடா, தலை சுத்துது"ன்னு மொதலாளி திட்டினாரு. சாயங்காலம்தான் மல்லிகா வந்துச்சி. புடவை ஓரம் கிழிஞ்சி, கெண்டைக்கால்ல கிரீஸ். ஓட்டினது பாதி, தள்ளினது பாதியாம். ஆபீசர் இன்னா சொன்னாருன்னு கேட்டேன். பஸ் இல்லன்னு அவரு வரவே இல்லையாம், வாட்ச்மேன் மட்டும் இருந்தாராம். கதவைத் தொறக்கச் சொல்லி, கெடந்த வேலையை ஒத்தையா அடிச்சி வச்சிட்டு வந்திருக்கு. நீ வந்தேன்னு அவரு நம்பணுமேன்னு எனக்கு மறுபடி கவலை புடிச்சிக்கிச்சி.

வழியில நடந்ததை அப்புறமாச் சொல்லிச்சி. வடக்கனந்தல்கிட்ட பெரிய மரம், அது மேல பத்துப் பதினைஞ்சு ஆளுங்க. தூக்கினப்ப சைக்கிள் கிளையில மாட்டிக்கிச்சி. ஒருத்தரு மேல இருந்து குதிச்சாரு. டயரைக் கிழிக்கத்தான் வராருன்னு இது சைக்கிளைக் கெட்டியாப் புடிச்சிக்கினு, "இன்னிக்கு போவலன்னா வேலை போயிடும்ங்க"ன்னு சொல்லியிருக்கு. "யாரையும் வுடாத"ன்னு பின்னாடி சத்தம். அவரு சைக்கிளைப் புடுங்கினாரு, ஒத்தக் கையில தூக்கி அந்தாண்ட வச்சாரு, அவங்க ஆளுங்க பக்கம் திரும்பினாரு. "நாம இன்னாத்துக்குடா ரோட்டுல ஒக்காந்துகினு இருக்கோம்? வேலைக்குத்தான? கெடச்ச வேலையை வுட்டுட்டுப் போன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? நீ போம்மா."

லீவு

ரெண்டு நாளா தகவல் இல்ல. வியாழக்கெழமை அந்த மரத்து ஆளே கடைக்கு வந்துட்டாரு, கூட ஒரு கூட்டாளி. "அந்தப் பொண்ணு தூக்கிக்கினு வந்துச்சே, அந்த சைக்கிள் காட்டு. அன்னிக்கு தூக்கினதுல இருந்து அதே நெனப்பா இருக்குது"ன்னாரு. அவருக்கு நான் காட்டிக்கினு இருக்கும்போதே மல்லிகா காத்தடிக்க வந்துச்சி. கையில இருந்த சைக்கிளை அப்பிடியே வுட்டுட்டு, வேலை இருக்குதா இல்லியான்னு கேட்டேன். மரத்து ஆளும் பேரத்தை நிறுத்திட்டுத் திரும்பினாரு.

அது சிரிப்பை அடக்கிக்கினு பம்பைக் கீழ வச்சிச்சி. "இருக்குதுண்ணா. திங்கக்கெழமை வராததுக்கு ஆபீசர் மேலதிகாரிக்கு லீவு எழுதிக் குடுக்கணுமாம். என்னைத்தான் கூப்ட்டு டைப் அடிக்கச் சொன்னாரு. ஒரு தப்பு இல்லாம அடிச்சிக் குடுத்தேன்."

ஆக, நம்ம பொழப்புல மரத்தைச் சாய்ச்சவரும் கஸ்டமரு, மரத்தைத் தாண்டின பொண்ணும் கஸ்டமரு, லீவு எழுதின ஆபீசர் மட்டும் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நின்னுக்கினு இருக்காரு.