ஜெனரேட்டருக்குள் இருந்த ஐம்பது ஓம்

அன்று லேபில் இருந்தது நானும், என் புராஜெக்ட் தோழியும், லேப் அண்ணனும்தான். கம்ப்யூட்டரில் சிமுலேஷனைச் செய்து கொடுத்த, எங்கள் புராஜெக்டின் மூன்றாமவன் வரவில்லை. கல்லங்குறிச்சியில் அவன் அக்காவுக்கு வளைகாப்பு.

பெரம்பலூர் இன்ஜினியரிங் காலேஜில் கடைசி செமஸ்டர். மதியம் இரண்டு மணிக்கு ரிவ்யூ. கம்ப்யூட்டரில் காட்டியதும் நாங்கள் செய்த சர்க்யூட் போர்டில் வருவதும் ஒத்துப்போகாவிட்டால் புராஜெக்ட் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போய்விடும். எனக்குக் கிடைத்திருந்த வேலையும் கூடவே போய்விடும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். எங்கள் ஊர்ப்பக்கம் தா.பழூர் டீக்கடை வரைக்கும் அப்பா அந்த வேலையைச் சொல்லி முடித்திருந்தார்.

ஆம்பிளிஃபயர் சின்னதுதான்; அதன் இன்புட் ஐம்பது ஓம். இருபது மில்லிவோல்ட் கொடுத்தால் இரண்டு வோல்ட் வரவேண்டும். சிமுலேஷனில் வந்தது. போர்டில் ஒரு வோல்ட்தான். டிரான்சிஸ்டர் போலி என்று முடிவுகட்டி, இரண்டு முறை திருச்சிக்குப் போய் வாங்கி மாற்றினோம். போர்டையே புதிதாகச் செய்தோம். அதே ஒரு வோல்ட்.

வளைகாப்புக்குப் போனவனைத் தோழி போனில் பிடித்தாள்.

“புளிசோறு, தேங்காசோறு எல்லாம் ஆச்சாடா? நாங்க இங்க சால்டரிங் புகையத் தின்னுட்டிருக்கோம்.”

“நான் போட்டதுல தப்பே இல்ல. நீங்க கை வச்சதாலதான் கெட்டுச்சு” என்றான் அவன்.

அவள் போனை வைத்துவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து போர்டுக்குப் போகும் வயரைக் கோபத்தில் பிடுங்கினாள். ஜெனரேட்டரில் மாட்டியிருந்த ஸ்கோப் திரையில் இருபது மில்லிவோல்ட். திரும்ப மாட்டினாள். பத்து.

“இங்க பாரு, மாட்டுனா பாதியாவுது!”

“ஜெனரேட்டர் வீக்கா இருக்குமோ?” என்றேன்.

“எல்லா பேட்சுக்கும் அதான் ஓடுது, ஒங்களுக்கு மட்டும் வீக்காயிடுச்சாக்கும்!” என்றார் லேப் அண்ணன்.

பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு பல்பு மங்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இழுத்தால் குறையாத கரண்ட் எங்கும் கிடையாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டரின் வாயருகே ‘50 ஓம்’ என்று எழுதியே இருந்தது. அது வயருக்கான கணக்கு என்று நினைத்திருந்தோம்; ஜெனரேட்டருக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டன்ஸ் அது.

என் விலையில்லா மடிக்கணினியில் சிமுலேஷனைத் திறந்தோம். ஜெனரேட்டருக்குப் பதிலாக அவன் வைத்திருந்த சோர்ஸுக்குள் ரெசிஸ்டன்ஸே இல்லை; எவ்வளவு இழுத்தாலும் அசையாத சோர்ஸ். அதோடு வரிசையாக ஒரு ஐம்பது ஓம் போட்டு ஓட்டினேன். கோடு இறங்கி ஒரு வோல்ட்டில் நின்றது.

இம்பீடன்ஸ் மேட்சிங்கைப் பதினாறு மார்க் கேள்வியாக இரண்டு முறை எழுதியிருக்கிறேன். சோர்ஸுக்குள் ஐம்பது, எதிரே ஐம்பது. அப்போதுதான் அதிகபட்ச பவர் போகும். பொருந்திவிட்டால் கொடுப்பது முழுசாக வந்துசேரும் என்றுதான் மனதில் இருந்தது. அப்படிப் பொருந்தும்போதும் வோல்ட்டேஜில் பாதி உள்ளேயே தங்கிவிடும் என்பது உறைக்கவே இல்லை.

“ஏன் ஒரு வோல்ட்தான் வருது?” என்று கேட்டார் ரிவ்யூவுக்கு வந்த சார். எங்கள் ஊர் பல்பில் ஆரம்பித்துச் சொன்னேன். மடிக்கணினியின் கோட்டையும் ஸ்கோப்பின் கோட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சிமுலேஷனில் அந்த ரெசிஸ்டரைப் போட ஒரு கிளிக் போதும். அதைப் போடாமல் டிரான்சிஸ்டர், போர்டு, பஸ் என்று மூன்று பேருக்கும் ஆனது ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.