லிஃப்ட்டக்காவின் முழுச் சுற்று

லிஃப்ட் பழுது பார்ப்பவர்களுக்கு வாழ்க்கை மேலேயும் கீழேயும்தான். இருபது வருடமாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கவாட்டில் ஓட வேண்டும் என்று ஆசை வந்ததில் என்ன அதிசயம்? நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்தார். பழைய பைக் ஒன்றை வாங்கி, கிரீஸ் படிந்த கையாலேயே திருகித் திருகி, புது வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி ஆக்கிவைத்தார். தெருவில் அவருக்கு லிஃப்ட்டக்கா என்று பெயர்.

வீட்டுக்காரர் முடி திருத்துபவர். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. பின்னால் உட்கார்ந்து, மனைவியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பள்ளம்", "நாய்", "சிவப்பு", "மெதுவா" என்று கண்ணில் பட்டதையெல்லாம் அறிவித்துக்கொண்டே வருவார். அவர் வரவில்லை என்றால் பயணம் என்னவோ நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் லிஃப்ட்டக்கா அவரை விட்டுவிட்டு ஒருநாளும் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வண்டிகள் சேர்ந்து கிளம்பும். லிஃப்ட்டக்காவின் வண்டி ஒன்று. நர்ஸாக இருக்கும் நாத்தனாரின் வண்டி இரண்டாவது. மூன்றாவது, எதிர்வரிசை பேக்கரிக்காரருடையது. அவர்தான் மூத்தவர், அவர்தான் எப்போதும் முன்னால் போவார், சட்டம் போட்டதும் அவர்தான். முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டால் பின்னால் வருகிறவர்கள் மறுபேச்சு இல்லாமல் திரும்ப வேண்டும். யாராவது பிரிந்துபோனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், முன்னால் போனவர்தான் தேடி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சட்டமெல்லாம் சரி, வழிதான் சரியில்லை. வருடத்துக்கு ஒரு ஞாயிறு கடலுக்குப் போவது என்று கிளம்புவார்கள். கடல் ஊருக்கு மறுபக்கம், அணைக்கட்டையும் தாண்டி இருக்கிறது. பேக்கரிக்காரர் ஊருக்கு நடுவே வழி பிடிப்பார். பழைய பாலத்தில் போய் மாட்டிக்கொண்டு, வெயில் ஏறி, எஞ்சின் சூட்டில் தொடை வெந்து, பாதியில் திரும்பி வந்துவிடுவார்கள். இத்தனை வருடத்தில் லிஃப்ட்டக்கா தன் வண்டியில் கடலைப் பார்த்ததே இல்லை. அந்த ஏக்கம் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"இந்தத் தடவை ரிங் ரோட்ல போலாம்ணே," என்றார் ஒருநாள்.

"ரிங் ரோடா? அது லாரி ஓடுற ரோடு தங்கச்சி. ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

"ஆழத்தை நான் பாத்துச் சொல்றேன்."

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "சரி. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நீயே வழியைப் பிடி, நீயே முன்னாடி போ. அணைக்கட்டு வரைக்கும் போய்ப் பாப்போம். மூணு வண்டியும் பிரியாம போய்ச் சேந்துட்டா, கடலுக்கும் நீதான் முன்னாடி. ஒரு வண்டி தொலைஞ்சாலும் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. என் பின்னாடிதான் வரணும்."

அன்றிலிருந்து லிஃப்ட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ரிங் ரோடு என்றால் வட்டம். இவர்கள் வீடு வட்டத்தின் ஒரு முனையில், அணைக்கட்டுக்குப் பிரியும் சாலை ஏறக்குறைய எதிர்முனையில். இடப்பக்கமாகவும் சுற்றலாம், வலப்பக்கமாகவும் சுற்றலாம். வலப்பக்கம் தூரம் குறைவு, ஆனால் காய்கறிச் சந்தை வழியாகப் போகிறது. இடப்பக்கம் சுற்று அதிகம்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அவர் கையில் ஒரு வசதி இருந்தது. லிஃப்ட்டை இழுக்கும் மோட்டார் இருப்பது மொட்டைமாடிக்கும் மேலே ஒரு சின்ன அறையில். அங்கே நின்றால் ஊரே தெரியும். ஆஸ்பத்திரி மாடி, ஓட்டல் மாடி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே பழுது பார்க்கப் போனாலும், வேலை முடிந்ததும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ரிங் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சந்தைப் பக்கம் லாரிகள் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன. இடப்பக்கம் வண்டிகள் தடையில்லாமல் ஓடின. பார்க்கப் பார்க்கக் கால் பரபரத்தது, சோறு எப்படி இறங்கியது என்றே தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவருக்கு விளக்கினார். தட்டின் விளிம்பு ரிங் ரோடு, உப்பு டப்பா அணைக்கட்டு.

"இடப்பக்கமா போறோம்ங்க. சுத்துதான், ஆனா நிக்காம போலாம்."

"நேரா சொல்ற விஷயத்தையே நீ சுத்தி வளைச்சுத்தானே சொல்லுவே. உனக்கு ஏத்த வழிதான்."

"இருக்கட்டும். அணைக்கட்டு வர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது. தோளையும் தட்டக்கூடாது. நீங்க 'லாரி லாரி'ன்னா எனக்குக் கை ஆடும்."

"பெரிய லாரி வந்தா?"

"பெரிய லாரி என் கண்ணுக்கும் தெரியும்."

அவர் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். இந்த மனிதராவது வாயை மூடுவதாவது என்று லிஃப்ட்டக்கா நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. ரிங் ரோட்டில் ஏறிய கணத்தில் லிஃப்ட்டக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேலிருந்து கோடாகத் தெரிந்த சாலை இங்கே எத்தனை அகலம்! காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. கண்ணாடியில் நாத்தனாரின் விளக்கு, அதற்குப் பின்னால் பேக்கரிக்காரரின் விளக்கு. முன்னால் யாரும் இல்லை. முதன்முறையாக, முன்னால் யாருமே இல்லை. அவர் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தார்.

ஒரு லாரியை வலப்பக்கமாக முந்தினார். இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு மறுபடி இடப்பக்கம் வந்தார். சந்தோஷத்தில் பிழை நடந்தது அங்கேதான். காரில் ஸ்டியரிங் நேரானால் இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும். பைக்கில் கட்டைவிரலால் அழுத்தி அணைக்க வேண்டும். லிஃப்ட்டக்கா அழுத்தவில்லை. விளக்கு அது பாட்டுக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியைப் பார்த்தால், நீளமான ஒரு டேங்கர் லாரி மட்டும் வந்துகொண்டிருந்தது. அது தாண்டிப் போனதும் பின்னால் வெறும் சாலை. ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

"எங்கங்க ரெண்டு பேரையும் காணோம்?"

கணவர் பேசவில்லை. விரலை நீட்டி ஹேண்டிலைக் காட்டினார். பச்சை அம்புக்குறி மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதை எப்பப் பாத்தீங்க?"

"நீ போட்டதுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீதானே வாயைத் திறக்கக்கூடாதுன்னே."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கல்யாணம் ஆன நாளிலிருந்து கத்திவிட்டு, கத்த வேண்டிய ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்டக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டதே.

நாத்தனாரைப் போனில் பிடித்தார். "இண்டிகேட்டர் போட்டீங்களேன்னு நாங்க திரும்பிட்டோம் அண்ணி. ஏதோ பூட்டின குடோன் வாசல்ல நிக்கிறோம்." பின்னாலிருந்து பேக்கரிக்காரரின் குரல் கேட்டது. "முன்னாடி போனவங்கதான் வந்து கூட்டிட்டுப் போகணும்னு சொல்லும்மா. சட்டம் சட்டம்தான்."

திரும்பிப் போக வழியில்லை. எதிர்ப்பக்கச் சாலையில் தார் போடுவதற்காகத் தடுப்பு வைத்து மூடியிருந்தார்கள். அந்த இடத்துக்கு மறுபடி வர ஒரே வழிதான் உண்டு. நேராகப் போய், அணைக்கட்டுப் பிரிவைத் தாண்டி, லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் சந்தைப் பக்கம் நுழைந்து, வீட்டையும் கடந்து, முழு வட்டமும் சுற்ற வேண்டும்.

"உக்காருங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அணைக்கட்டுப் பிரிவு வந்தது, போனது. சந்தைக்கான பலகை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார். வளைவில் திரும்பினால், லாரிகளைக் காணோம். ஒன்றுகூட இல்லை. காலி கூடைகளை அடுக்கி வைத்துச் சந்தை கதவைச் சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. லிஃப்ட்டக்கா மாடி மேல் நின்று பார்த்ததெல்லாம் வேலை நாளில் அல்லவா. ஞாயிறன்று அவரை யாரும் மாடிக்குக் கூப்பிட்டதில்லை.

தான் ஒரு மாதமாகக் கணக்குப் போட்ட வழி தப்பு என்று தெரிந்ததில் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாலை! ஆளில்லாமல், அகலமாக, வழவழவென்று கிடந்தது. தோற்றாயிற்று, இனி பயந்து என்ன ஆகப்போகிறது என்று வண்டியைத் தட்டிவிட்டார். மேம்பாலத்தில் ஏறி இறங்கியபோது வாய்விட்டுக் கத்தினார். பின்னால் இருந்தவரும் சேர்ந்து கத்தினார். அது பயத்திலா குஷியிலா என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை.

குடோன் வாசலில் பேக்கரிக்காரர் தரையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். லிஃப்ட்டக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வண்டி தொலைஞ்சுது. பேச்சுன்னா பேச்சுதாண்ணே. இனிமே உங்க பின்னாடியே வர்றேன்."

"தொலைஞ்சது யாரு? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கோம். நீதான் தொலைஞ்சே. எப்படி வந்தே?"

"முழுசா சுத்தி. சந்தைப் பக்கமா."

"சந்தைப் பக்கமாவா? நான் இன்னும் ரெண்டாவது பன்னையே முடிக்கல."

"நான் பாத்து வச்சது தப்புண்ணே. ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் காலியா கெடக்கு. கடலுக்கு அதுதான் வழி. நீங்க முன்னாடி போனாலும் அப்படியே போங்க."

பேக்கரிக்காரர் பன்னைக் கீழே வைத்தார். "திரும்புற இடம் இது இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி. இருந்தாலும் திரும்பினேன். வருஷா வருஷம் உங்களைப் பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினேனே, நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கொஞ்சம் நிறுத்தினார். "பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நான் இத்தனை வருஷம் நின்னேன். நீ ஒரு சுத்துலயே நாலுன்னு சொல்லிட்டே. கடலுக்கு நீயே முன்னாடி போ."

லிஃப்ட்டக்கா ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆனா புதுசா ஒரு சட்டம்," என்று பேக்கரிக்காரர் முடி திருத்துபவரைப் பார்த்தார். "இந்த மனுஷனைப் பேச விடு."

கடலுக்குக் கிளம்பிய ஞாயிறு, சந்தைப் பக்கமாக மூன்று வண்டிகளும் ஒன்றாகப் போயின. வழி நெடுக லிஃப்ட்டக்காவின் தோளுக்கு மேலே குரல் ஓயவில்லை. "இண்டிகேட்டர்." அவர் அணைத்தார். "லாரி." ஒதுங்கினார். "பள்ளம். நாய். மறுபடி இண்டிகேட்டர்." அணைக்கட்டைத் தாண்டினார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. ஒரு மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் பள்ளத்துக்கும் நாய்க்கும் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"கடல்."