அறுபதைத் தாண்டக் கூடாது

பிறந்த குழந்தைக்குத் தனக்கு என்ன செய்கிறதென்று சொல்லத் தெரியாது, பெற்றவர்களுக்குச் சொல்லி நிறுத்தத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் எஸ்டேட் நர்ஸ் உத்தியோகம். இதே வேலை பார்க்கிறவர்கள் படித்தால் பெருமூச்சு வரும். தாராளமாக விடுங்கள்.

நின்று நின்று வந்த மூச்சு

முருகேசனுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. ஒரு மதியம், "பாப்பா மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுதுங்க" என்று டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தார். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவர் பின்னால் மேடேறினேன். ஐந்து நாள் குழந்தை, நல்ல தூக்கம். வேகமாக நாலைந்து மூச்சு விடும், ஐந்தாறு நொடி சும்மா கிடக்கும், மறுபடி விடும். உதடு சிவப்பாக இருந்தது. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்: நாற்பத்திநாலு.

"பச்சைக் குழந்தை இப்படித்தான் விடும். பத்து நொடிக்கு மேலே நின்றாலோ, உதடு நீலமானாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

"ஏனுங்க நர்ஸம்மா, அது நிறுத்துறப்ப என்ற மூச்சும் நின்னு போகுதுங்களே, அதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

பாடிய பிள்ளை

கொழுந்து பறிக்கும் செல்விக்கு அது முதல் பிள்ளை. பிறந்த மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். மழை, முழங்கால் வலி. வாசலில் நின்றபடியே, "பால் குடிக்குதா?" என்று கேட்டேன். "கொஞ்சம் குறைச்சலுங்க. ஆனா பாடிக்கிட்டே இருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை அந்தப் பாட்டு மனசை உறுத்த, திரும்பப் போனேன். ஒவ்வொரு மூச்சுக்கும் 'ம்... ம்...' என்று முனகல். கம்பளியை விலக்கினால், விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுகிறது, மூக்கு விடைக்கிறது. எண்ணினேன்: எழுபத்திரண்டு. அறுபதைத் தாண்டக் கூடாது.

இலை லாரியை மறித்து, பிள்ளையைச் செல்வியின் நெஞ்சோடு ஒட்டிக் கட்டி, குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு வளைவிலும் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமோனியா. ஆக்ஸிஜன் வைத்தார்கள். நேற்றே கம்பளியை விலக்கியிருக்கலாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வீறிடும் பிள்ளையோடு செல்வி வந்தாள். "பாட்டு நின்னு போச்சுங்க நர்ஸம்மா. இப்ப வெறும் கத்தல்தான்."

அதற்குப் பிறகு

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் துணியை விலக்கி நெஞ்சைப் பார்ப்பேன். இந்த மலைக் குளிரில் யாருக்குப் பிடிக்கும்? ஒரு பிள்ளையின் அப்பா கதவைச் சாத்திக்கொண்டே முணுமுணுத்தார்: "போர்த்தி வையின்னு சொல்றதும் இவங்கதான், அவுக்கறதும் இவங்கதான்."

மொத்தத்தில், எனக்கு மூச்சு வாங்க வாங்க மலையேறிப் போய் அடுத்த வீட்டு மூச்சை எண்ணியதற்குப் பெயர்தான் முப்பது வருஷ சர்வீஸ்.